முட்டிக்குள் சொந்த ரத்தம்: பிஆர்பி ஊசி உப்புநீரை வென்றதா?

கேள்வி இது: "அம்மாவுக்கு 61 வயது. இரண்டு முட்டியிலும் தேய்மானம், எக்ஸ்ரேயில் மூன்றாம் கிரேடு என்கிறார்கள். சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி முட்டிக்குள் போடும் பிஆர்பி ஊசியை மூன்று முறை போட்டால் குருத்தெலும்பு மறுபடி வளரும், ஆபரேஷன் வேண்டியிருக்காது என்று மருத்துவர் சொல்கிறார். போன வருடம் போட்டுக்கொண்ட சித்தி இப்போது மாடிப்படி ஏறுகிறார். அம்மாவுக்கும் போடலாமா? இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சையா?"

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசியால் பெரிய கெடுதல் வருவது அபூர்வம். போட்டவர்களில் பலருக்கு வலி குறைவதும் உண்மை. ஆனால் வெறும் உப்புநீரை முட்டிக்குள் போட்டாலும் ஏறக்குறைய அதே அளவு வலி குறைகிறது என்று, இதுவரை மிகக் கவனமாக நடந்த சோதனைகளில் ஒன்று காட்டியிருக்கிறது. குருத்தெலும்பு வளரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த வாக்கை நம்பி மட்டும் பணம் கட்டாதீர்கள்.

நான் பிசியோதெரபிஸ்ட். 16 வருடமாக முட்டி வலிக்காரர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஊசி போட்டுக்கொண்டு வருபவர்கள், போடலாமா என்று கேட்பவர்கள், போட்டும் பலனில்லை என்று அழுபவர்கள், மூன்று வகையும் என்னிடம் வருகிறார்கள். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். கையிலிருந்து 15 முதல் 60 மில்லி வரை ரத்தம் எடுப்பார்கள். பயன்படுத்தும் கிட்டைப் பொறுத்து அளவு மாறும். உறையாமல் இருக்க சிட்ரேட் சேர்ந்த குழாயில் விட்டு, சென்ட்ரிஃபியூஜில் வைத்துச் சில நிமிடங்கள் சுழற்றுவார்கள். வெளியே எடுத்தால் குழாய்க்குள் மூன்று அடுக்கு தெரியும். அடியில் அடர்சிவப்பாகச் சிவப்பணுக்கள். மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா. இரண்டுக்கும் நடுவில், காய்ச்சிய பாலில் படியும் ஏடு மாதிரி மெல்லிய வெள்ளைப் படலம். அந்தப் படலத்திலும் அதை ஒட்டிய பிளாஸ்மாவிலும்தான் தட்டணுக்கள் செறிந்திருக்கும். டெங்கு வந்தால் "பிளேட்லெட் எவ்வளவு?" என்று வீடே பதறுமே, அதே பிளேட்லெட்தான். இயல்பாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருக்கும். அந்தப் பகுதியை மட்டும் உறிஞ்சி எடுத்து, மூட்டுக்குள் செலுத்துவார்கள். தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா என்பதன் ஆங்கிலச் சுருக்கமே பிஆர்பி.

இதன் பின்னால் இருக்கும் யோசனை தவறானதல்ல. காயம் பட்ட இடத்துக்கு முதலில் ஓடி வருவது தட்டணுக்கள்தான். ரத்தத்தை உறைய வைப்பதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. அவற்றுக்குள் இருக்கும் நுண்பைகளிலிருந்து வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் புரதங்கள் வெளிவந்து, திசு ஆறுவதற்குத் தூண்டுகின்றன. குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாயே கிடையாது. தோலில் கீறல் விழுந்தால் ஆறுவதுபோல அது ஆறாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அப்படியானால் ரத்தம் போகாத இடத்துக்கு ரத்தத்தின் ஆற்றும் பொருளை நாமே கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன? கேட்கும்போதே நியாயமாகப் படுகிறது. ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களிலும் விலங்குகளிலும் நம்பிக்கை தரும் முடிவுகள் வந்தன. 1990களில் தாடை எலும்பு அறுவைகளில் பேசப்பட்ட இந்த முறை, பிறகு விளையாட்டு வீரர்களின் தசைநார்க் காயங்களுக்குப் போய், அங்கிருந்து நம் அம்மாக்களின் முட்டிக்கு வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக ஒரு மாத்திரை வருகிறது என்றால், அது கடைக்கு வருமுன் நோயாளிகளிடம் பல கட்டமாகச் சோதித்துக் காட்ட வேண்டும். இது உங்கள் ரத்தம், உங்களுக்கே திரும்பப் போகிறது, அதனால் பெரும்பாலான நாடுகளில் அந்தப் பாதை வழியாக இது வரவில்லை. அமெரிக்காவிலேயே அனுமதி வாங்கியது ரத்தத்தைப் பிரிக்கும் கருவிகளும் கிட்டுகளும்தான். முட்டித் தேய்மானத்துக்கான மருந்து என்று பிஆர்பிக்கு அங்கே அனுமதி இல்லை. சோதனை முடிந்து விற்பனைக்கு வருவதற்குப் பதிலாக, விற்பனை பரவிய பிறகு சோதனை பின்னால் ஓடி வந்தது. என் வருத்தம் முழுக்க இதில்தான் இருக்கிறது.

சரி, சித்தி மாடி ஏறுகிறாரே? அந்த நிவாரணத்தை நான் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. ஆனால் அது ஊசிக்குள் இருந்த தட்டணுவால் வந்ததா என்பது வேறு கேள்வி. என்னிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 60ஐத் தாண்டியவர், சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவர். முதல் நாள் வலி பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டேன். "எட்டு போட்டுக்கோங்க" என்றார். நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, முகத்தைச் சுளித்து, ஒரு மூச்சு நின்று எழுந்தார். பிஆர்பி போட நாள் குறித்திருந்தார்கள், அதற்கு முன் தசைபலத்தைப் பார்த்துக் குறித்துவைக்கத்தான் வந்திருந்தார். மருத்துவர் வெளியூர் போனதில் ஊசி மூன்று வாரம் தள்ளிப்போனது. அதுவரை எந்த மருந்தும் மாற்றவில்லை, பயிற்சியும் தொடங்கவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தபோது அதே கேள்வியைக் கேட்டேன். "ஒரு அஞ்சு இருக்கும்." கையை ஊன்றாமல் எழுந்தார்.

முதல் நாளே ஊசி போட்டிருந்தால், எட்டு ஐந்தானதற்கு ஊசிதான் காரணம் என்று அவரும் சொல்லியிருப்பார், நானும் சொல்லியிருப்பேன், மருத்துவரும் சொல்லியிருப்பார். மூன்று பேருமே மனதறியப் பொய் சொல்லியிருக்க மாட்டோம். முட்டித் தேய்மான வலி ஒரே சீராக ஏறிக்கொண்டே போவதில்லை, ஏறும், இறங்கும். மனிதர்கள் மருத்துவரிடம் போவது அது உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பின் வருவது பெரும்பாலும் இறக்கம்தான். அந்த இறக்கத்தின் தொடக்கத்தில் எதைச் செய்தோமோ, அதற்குப் பெயர் போய்விடும்.

இதோடு ஊசியின் தாக்கமும் சேர்கிறது. மாத்திரையை விழுங்குவது ஒன்று. படுக்கவைத்து, ரத்தம் எடுத்து, இயந்திரம் சுழலும் சத்தம் கேட்டு, ஸ்கேன் பார்த்து முட்டிக்குள் ஊசி இறங்குவது வேறு. மூட்டுத் தேய்மானச் சோதனைகளில் மருந்தில்லாத சிகிச்சைகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்ட ஒரு பெரிய ஆய்வு 2015இல் வந்தது. மருந்தில்லாத மாத்திரையைவிட, மருந்தில்லாத மூட்டு ஊசி கூடுதலாக வலியைக் குறைத்தது என்பது அதன் முடிவு. இன்னும் முன்னால், 2002இல், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 180 பேரிடம் நடந்த சோதனையில், சிலருக்கு முட்டியில் துளையிட்டு உள்ளே சுத்தம் செய்யும் அறுவையைச் செய்தார்கள், சிலருக்குத் தோலில் கீறல் மட்டும் போட்டுத் தைத்துவிட்டார்கள். இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தும் இரு தரப்புக்கும் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. முட்டி வலியைப் பொறுத்தவரை "செய்தேன், குறைந்தது" என்பது எந்தச் சிகிச்சைக்கும் சாட்சியாக நிற்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "ஊசி போட்டவர்களுக்கு வலி குறைந்ததா?" என்பதல்ல. "அதே சடங்கு முழுக்க நடந்து, சிரிஞ்சில் மட்டும் வேறொன்று இருந்திருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும்?" என்பதுதான். இதைக் கண்டுபிடிப்பது பேச்சுக்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஒரு தரப்புக்குப் பிஆர்பி, மறு தரப்புக்குச் சலைன், அதாவது வெறும் உப்புநீர், என்று குலுக்கல் முறையில் பிரிக்கலாம். ஆனால் ஒருவருக்கு ரத்தம் எடுத்து, இன்னொருவருக்கு எடுக்காமல் விட்டால் குட்டு உடைந்துவிடும். பிஆர்பி மஞ்சளாக இருக்கும், சலைன் தண்ணீர் போல இருக்கும். சிரிஞ்சைப் பார்த்தாலே தெரிந்துவிடும். நோயாளிக்குத் தெரியாவிட்டாலும் ஊசி போடும் மருத்துவருக்குத் தெரிந்தால், அவர் முகமும் குரலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த ஓட்டைகளையெல்லாம் அடைத்து நடத்திய சோதனைதான் ஆஸ்திரேலியாவின் ரெஸ்டோர். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கிம் பென்னல் தலைமையில், மெல்போர்னிலும் சிட்னியிலும் நடந்தது. பென்னல் ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பதில் எனக்குத் தனிப்பட்ட பெருமையும் உண்டு. 50 வயதும் அதற்கு மேலும் ஆன, எக்ஸ்ரேயில் இரண்டாம் அல்லது மூன்றாம் கிரேடு தேய்மானம் உள்ள 288 பேரைச் சேர்த்தார்கள். உங்கள் அம்மாவும் வயதாலும் கிரேடாலும் இந்தக் கூட்டத்துக்குள் வருகிறார் என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன். எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார்கள். சிரிஞ்சுக்குள் இருப்பதன் நிறம் வெளியே தெரியாதபடி மறைத்தார்கள். போட்டுக்கொண்டவர், ஊசி போட்டவர், பிறகு வலியை அளந்தவர், மூவருக்கும் உள்ளே இருப்பது எது என்று தெரியாது. வாரம் ஒன்றாக மூன்று ஊசி. அதன்பின் 12 மாதம் தொடர்ந்து பார்த்தார்கள். முதலில் சேர்ந்தவர்களில் 269 பேர் கடைசிவரை நின்றார்கள். ஒரு வருடச் சோதனைக்கு இது மிக நல்ல எண்ணிக்கை.

எதை அளப்போம் என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள். ஒன்று, பத்துப் புள்ளி அளவில் முட்டி வலி. இன்னொன்று, எம்ஆர்ஐ ஸ்கேனில் முட்டியின் உட்பக்கக் குருத்தெலும்பின் கன அளவு. நோயாளி சொல்வது ஒன்று, படம் காட்டுவது ஒன்று.

2021 நவம்பரில் ஜாமா மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஒரு வருடம் கழித்து, பிஆர்பி போட்டவர்களுக்கு வலி சராசரியாக 2.1 புள்ளி குறைந்திருந்தது. சலைன் போட்டவர்களுக்கு 1.8 புள்ளி. வித்தியாசம் அரைப் புள்ளிகூட இல்லை. புள்ளியியல் கணக்கின்படி, உண்மையான வித்தியாசம் பிஆர்பிக்குச் சாதகமாக அதிகபட்சம் 0.9 புள்ளி இருக்கலாம், அல்லது இல்லாமலே போகலாம், லேசாகச் சலைனுக்குச் சாதகமாகவும் இருக்கலாம். ஒரு புள்ளிக்குக் குறைவான மாற்றத்தை "ஆமாம், குறைந்திருக்கிறது" என்று திட்டமாகச் சொல்லும் நோயாளியை நான் அதிகம் பார்த்ததில்லை. குருத்தெலும்போ இரு தரப்பிலுமே தேய்ந்திருந்தது: பிஆர்பியில் 1.4 சதவீதம், சலைனில் 1.2 சதவீதம். வளரவும் இல்லை, தேய்மானம் மெதுவாகவும் ஆகவில்லை. இவற்றைத் தவிர நடை, அன்றாட வேலை, வாழ்க்கைத் தரம் என்று 31 விஷயங்களையும் பார்த்தார்கள். 29இல் வேறுபாடு இல்லை. அத்தனை விஷயங்களைப் பார்க்கும்போது ஒன்றிரண்டு தற்செயலாகவே விலகி நிற்கும் என்பதால், மீதி இரண்டைக் கொண்டு யாரும் பெரிதாக வாதாட முடியாது.

உங்கள் மருத்துவர் இதற்கு மறுப்புச் சொல்லக்கூடும். அந்த மறுப்பில் விஷயமும் இருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டிலேயே, சண்டிகரின் முதுகலை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் நடந்த சோதனை 2013இல் வெளியானது. 78 பேர், 156 முட்டிகள். வெள்ளையணுக்களை வடிகட்டிய பிஆர்பியை ஒரு தரப்புக்கு ஒரு முறை, இன்னொரு தரப்புக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை, மூன்றாம் தரப்புக்குச் சலைன். ஆறு மாதத்தில் பிஆர்பி தரப்புகள் தெளிவாக முன்னால் நின்றன. ஒரு ஊசிக்கும் இரண்டு ஊசிக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. மூன்று போட்டே ஆக வேண்டும் என்று சொல்லப்படுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். ஆறாம் மாதத்தில் பலன் கொஞ்சம் மங்கத் தொடங்கியதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன். உலகில் பலரும் கேள்வி கேட்காமல் விற்றுக்கொண்டிருந்த காலத்தில் சலைனோடு ஒப்பிடும் துணிவு அவர்களுக்கு இருந்தது. ஆனால் ஒரு விஷயம் என் கண்ணில் உறுத்துகிறது. சலைன் தரப்பின் நிலை அங்கே மோசமாகியது. மற்ற சோதனைகளில் சலைன் போட்டவர்களுக்கு வழக்கமாக வலி குறையும், ரெஸ்டோரிலும் 1.8 புள்ளி குறைந்ததே. ஒப்பீட்டுத் தரப்பு தாழ்ந்து போனால், மறு தரப்பு உயரமாகத் தெரியும். ஏன் தாழ்ந்தது என்பதை இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது.

அடுத்த மறுப்பு இதைவிட வலுவானது. "ரெஸ்டோரில் பயன்படுத்திய பிஆர்பியில் தட்டணுக்கள் போதாது, நீர்த்துப்போனதைப் போட்டுவிட்டுப் பலனில்லை என்கிறார்கள்" என்பது அது. பிஆர்பி என்பது ஒரே பொருள் அல்ல, அதுதான் இதன் பெரிய சிக்கல். பாட்டி கஷாயம் கொடுத்தார் என்றால், என்ன கஷாயம், எட்டில் ஒரு பங்காகச் சுண்டக் காய்ச்சியதா, பாதியிலேயே இறக்கியதா என்று கேட்போம் அல்லவா? அதேதான் இங்கும். சில கிட்டுகளில் தட்டணுச் செறிவு ரத்தத்தில் இருப்பதைவிடக் கொஞ்சமே கூடுதல். சிலவற்றில் பல மடங்கு. வெள்ளையணுக்களைச் சிலர் நீக்குகிறார்கள், சிலர் விட்டுவிடுகிறார்கள். 2017இல் பிஆர்பி பற்றிய 105 ஆய்வுகளைத் துருவிப் பார்த்தவர்கள், தயாரிப்பு முறையை முழுமையாகச் சொன்னவை 10 சதவீதம்தான் என்றும், ஊசிக்குள் போனதில் என்ன இருந்தது என்று எண்ணிச் சொன்னவை 16 சதவீதம்தான் என்றும் கண்டார்கள். என்ன கொடுத்தோம் என்றே எழுதிவைக்காத சிகிச்சையை எப்படி ஒப்பிடுவது?

2021இல் இந்திய மருத்துவர்கள் 150 பேரிடம் நடத்திய ஒரு சோதனையில், ஆயிரம் கோடி தட்டணுக்கள் கொண்ட 8 மில்லி பிஆர்பியைப் போட்டு, மூட்டுக்கு வழவழப்புத் தருவதற்காகப் போடும் ஹயலூரானிக் ஆசிட் ஊசியோடு ஒப்பிட்டார்கள். பிஆர்பிக்கு நல்ல பலன் என்று முடிவு வந்தது. சலைனோடு ஒப்பிட்ட 18 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் அண்மைத் தொகுப்பாய்வும், செறிவு கூடினால் பலன் கூடுவதாகச் சொல்கிறது. அளவு முக்கியம் என்ற இந்த வாதத்தை நான் ஒதுக்கவில்லை. நாளை அதுவே சரியென்று ஆனால் மகிழ்வேன். என்னிடம் வருபவர்களுக்கு நல்ல வழி ஒன்று கிடைக்கும். ஆனால் சிறு சோதனைகளை எத்தனை சேர்த்துக் கட்டினாலும், அவற்றுக்குள் இருக்கும் ஓட்டை அடைபடாது. செறிவு கூடிய பிஆர்பியை ரெஸ்டோர் போலவே, எல்லோரிடமும் ரத்தம் எடுத்து, நிறத்தை மறைத்து, நூற்றுக்கணக்கானவர்களிடம் சோதித்துக் காட்ட வேண்டும். அதுவரை "கூடுதல் செறிவு பலன் தரலாம்" என்று சொல்லலாம், "தரும்" என்று ரசீது போடக் கூடாது.

இன்னொரு வாதமும் உண்டு: சலைனே ஒரு மருந்துதானோ, வீங்கிய மூட்டுக்குள் இருக்கும் அழற்சிப் பொருட்களை அது நீர்க்கச் செய்கிறதோ என்பது. இருக்கலாம். அப்படியே இருந்தாலும், சில ரூபாய்க்குக் கிடைக்கும் உப்புநீருக்கு இணையான ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறதே!

ரத்தத்திலிருந்து வரும் மற்ற ஊசிகளின் கதையும் கேட்க வேண்டியதுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் பீட்டர் வேலிங் என்ற மருத்துவர் பிரபலமாக்கிய ஆர்த்தோகைன் முறையில், ரத்தத்தைக் கண்ணாடி மணிகளோடு சேர்த்து உடல் வெப்பத்தில் மணிக்கணக்கில் வைத்து, அழற்சியைத் தடுக்கும் புரதங்கள் பெருகிய சீரத்தைப் பிரித்தெடுத்துப் போடுவார்கள். கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் 2011இல் அங்கே போனது உலகச் செய்தியானது. 2009இல் வந்த, 376 பேரிடம் நடந்த சோதனை அதற்குச் சாதகமாக இருந்தது. அதற்கு முந்தைய வருடம் வந்த 182 பேரின் சோதனையில், முதன்மை அளவுகோலில் சலைனை அது தெளிவாக வெல்லவில்லை. அமெரிக்காவில் ஆம்பியான் என்ற இன்னொரு மருந்து, மனித ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்திலிருந்து மிகச்சிறு மூலக்கூறுகளை மட்டும் வடித்தெடுத்தது. 2014இல் வெளியான 329 பேரின் சோதனையில் அது சலைனை வென்றது, எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பிற்பாடு நடந்த ஒரு சோதனையை, சரியான ஒப்பீடு இல்லை என்று 2018இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு ஏற்க மறுத்தது. அதன்பின் ஆயிரம் பேருக்கு மேல் என்று திட்டமிட்டுத் தொடங்கிய பெரிய சோதனை, கொரோனாவில் தடைபட்டு, கடைசியில் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. 329 பேரிடம் ஜெயித்தது பெரிய சோதனையில் நிற்கவில்லை.

மருத்துவ அமைப்புகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்பீர்கள். அமெரிக்க மூட்டுவாத மருத்துவர்களின் சங்கம் 2019 வழிகாட்டுதலில், முட்டித் தேய்மானத்துக்குப் பிஆர்பி வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது. தயாரிப்பில் ஒரே தரம் இல்லை என்பதை முக்கியக் காரணமாகக் காட்டியது. அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் சங்கம் 2021இல், வலியைக் குறைக்கக்கூடும் என்றது, ஆனால் ஆதாரத்தின் பலம் குறைவு என்றும் கூடவே எழுதியது. ஆக, உங்கள் மருத்துவர் போடலாம் என்று சொல்வதே குற்றமல்ல. துறைக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. குருத்தெலும்பு வளரும், ஆபரேஷன் வேண்டாம் என்று உறுதி சொல்வதுதான் தவறு. அதை எந்தத் தரப்பும் சொல்லவில்லை.

இப்போது அம்மாவுக்கு வருவோம்.

ஊசியில் இருக்கும் அசௌகரியம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் வலி, கொஞ்சம் வீக்கம். மூட்டுக்குள் கிருமி போவது அபூர்வம், போனால் தீவிரமானது. ஆகவே சுத்தமான அறையில், பழகிய கையால் போடப்பட வேண்டும். அம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுக்கிறார் என்றாலோ, சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்றாலோ முன்பே சொல்லுங்கள். போடுவது என்றே முடிவெடுத்தால், மருத்துவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: ஊசிக்குள் போகும் தட்டணுக்களை எண்ணிப் பார்க்கிறீர்களா, வெள்ளையணுக்களை நீக்குகிறீர்களா, முதல் ஊசிக்குப் பலன் தெரியாவிட்டால் நிறுத்திக்கொள்ளலாமா. இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்பவர், என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்பவர். மூன்றுக்கும் சேர்த்து முன்பணம் கேட்டால் கட்ட வேண்டாம்.

அதைவிட முக்கியமாக, அதே பணத்தையும் அக்கறையையும் முதலில் தொடைத் தசைக்குச் செலவிடுங்கள். முட்டியின் அதிர்ச்சியைத் தாங்குவது எலும்பு மட்டுமல்ல, முன்தொடைத் தசையும்தான். வலிக்குப் பயந்து நடையைக் குறைத்தால் அது மெலியும், மெலிந்தால் முட்டி இன்னும் வலிக்கும். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று போதும்: கையை மார்பில் கட்டிக்கொண்டு, மெதுவாக எழுந்து, அதைவிட மெதுவாக உட்காருவது, பத்து முறை. உட்காரும்போது "தொப்" என்று விழாமல், கடைசி அங்குலம் வரை தசையால் தாங்கி இறங்க வேண்டும். பலன் முழுக்க அந்தக் கடைசி அங்குலத்தில் இருக்கிறது. தாழ்வான நாற்காலியில் கஷ்டமாக இருந்தால் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். படுத்தபடி ஒரு காலை நீட்டி ஒரு சாண் உயர்த்திப் பிடிப்பது அடுத்தது. முதல் இரண்டு வாரம் லேசான வலி இருக்கும், அதற்காக நிறுத்த வேண்டாம். அடுத்த நாள் காலை வரை வலி நீடித்தால் மட்டும் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

எடை கூடுதலாக இருந்தால் அதையும் பாருங்கள். உடலில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டியில் ஏறும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது என்று அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே 454 பேரிடம் நடந்து 2013இல் வெளியான சோதனையில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட வலி குறைவாக இருந்தது. இவற்றை யாரும் பெட்டியில் அடைத்து விற்பதில்லை. அதனால்தான் இவற்றுக்கு விளம்பரம் இல்லை என்று நினைக்கிறேன்.

இன்று மாலையே ஒரு காரியம் செய்யுங்கள். நாட்காட்டியில், தினமும் இரவு படுக்கும் முன், அம்மாவின் வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டு ஒரு எண் எழுதுங்கள். பக்கத்திலேயே, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்தார் என்று இன்னொரு எண். ஆறு வாரம் பயிற்சி செய்த பிறகு அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். வலி குறையவில்லை, இரவில் தூக்கம் கெடுகிறது, கால் வளைகிறது என்றால் அடுத்து என்ன என்று அப்போது பேசலாம். ஊசியையும் சேர்த்தே பேசலாம். ஒருவேளை ஊசி போட்டாலும் எழுதுவதை நிறுத்த வேண்டாம். சித்திக்கு அப்படி ஒரு தாள் இல்லாமல் போனதுதான் எனக்குக் குறை. ஊசிக்கு முந்தைய மூன்று வாரம் அவர் வலி எப்படி ஏறி இறங்கியது என்று பார்த்திருக்கலாம்.